எண்ணும் பெயரும்

பெரும்போர்கள் எவ்வாறு தொடங்கின என்பதனைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். 1914ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் சரயேவோ நகரில் சுடப்பட்ட இளவரசன் பெயரையும், சுட்டவன் பெயரையும் நாம் அனைவரும் தேர்வுக்கென்று நெட்டுருச் செய்தவர்களே. ஆயின், அப்போர் யாருடைய கைகளால் முடிவுக்குக் கொணரப்பட்டது என்று வினவின், ஒரு தேதியையும் ஓர் உடன்படிக்கையின் பெயரையும் கூறி அமைந்துவிடுகின்றோம். போரைத் தொடங்குவோர் அரசரும் அமைச்சரும். அவர்தம் பெயர் ஏட்டில் நிலைபெறுகின்றது. போரை முடிப்போரோ சேற்றில் நின்று பாலம் கட்டுவோரும், இருளில் தோணி தள்ளுவோரும், கண்ணிவெடி புதைந்த நிலத்தைக் கையால் தடவிப் பார்ப்போரும் ஆவர். அவர்தம் பெயரை யார் அறிவார்? இவ்வினாவை நம் கல்லூரி மாணவர் முன்னும், ஆசிரியர் முன்னும், பழைய மாணவர் முன்னும் வைக்கவே இதனை எழுதத் துணிந்தோம்.

இவ்வினா எம் உள்ளத்தில் எழுந்த வரலாற்றை முதலிற் கூறுதல் முறையாகும். சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள், விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில், நண்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். வெயில் தணியும்வரை திண்ணையில் அமர்ந்திருந்தபோது, அடுத்த வீட்டு முதியவர் ஒருவர் வந்து உடன் அமர்ந்தார். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். ஏர் பிடித்துக் காய்த்த கை. பேச்சு எங்கெங்கோ சுற்றி முன்னோரைப்பற்றித் திரும்பிற்று. தம் பாட்டனார் முதல் மகாயுத்தத்தில் பட்டாளத்திற் சேர்ந்து, கப்பலேறிப் பஸ்ராவுக்குப் போனவர் என்றும், போனவர் திரும்பவே இல்லை என்றும் அவர் கூறினார். சில ஆண்டுகளுக்குப் பின்னர் அரசாங்கத்திலிருந்து ஒரு வெள்ளிப் பதக்கம் வந்ததாம். மழை பொய்த்த ஓர் ஆண்டில், மூத்த மகளுக்குத் திருமணம் நிச்சயமானபோது, அவர்தம் பாட்டி அப்பதக்கத்தைத் தட்டாரிடம் கொடுத்து உருக்கிக் கொலுசாக்கிவிட்டாராம்.

“அதோட ஓரத்திலே எழுத்து வெட்டியிருந்ததுன்னு ஆயா சொல்லுவாங்க. உருக்கினப்போ அதுவும் போச்சுங்க ஐயா” என்றார் முதியவர். அவர் குரலிற் புகார் ஒன்றும் இல்லை. மழை பெய்தது என்று கூறுவார்போலவே கூறினார்.

அவ்வெழுத்து யாது என்பதனை யாம் அறிவோம். அப்போரில் ஊழியம் செய்தவர்க்கு அளிக்கப்பெற்ற வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பைச் சுற்றி, வீரனுடைய எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகிய நான்கும் பொறிக்கப்பட்டிருந்தன. பாட்டனாரின் பெயரைப் பேரர் அறிவார். எந்தப் பட்டாளம், எந்த எண் என்பதனை அறியார். அவ்விரண்டும் கொலுசோடு தேய்ந்து போயின. இனி இக்கதையை எம் உள்ளத்தில் ஒருபால் வைத்துவிட்டு, உலகின் மற்றொரு கோடிக்கு நேயர்களை அழைத்துச் செல்ல விரும்புகின்றோம். காரணம் பின்னர் விளங்கும்.

1914ஆம் ஆண்டில் கனடா தேசத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ எண்பது இலட்சமே. அவருள் ஆறு இலட்சத்திற்கு மேற்பட்டோர் அப்போரிற் படையுடை பூண்டனர். 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் பிரான்சு தேசத்து அமியான் நகரருகே நேச தேசங்களின் இறுதித் தாக்குதல் தொடங்கியபோது, கனடியப் படையே அதன் முன்னணியில் நின்றது. அன்று முதல் நவம்பர் 11ஆம் நாள் வரையுள்ள காலத்தை அந்நாட்டார் ‘கனடாவின் நூறு நாள்’ என்று பெயரிட்டு வழங்குவர். அந்நாட்களில் அவர் வறண்ட கால்வாய்ப் பள்ளங்களைக் கடந்தனர். காம்பிரே நகரைக் கைக்கொண்டனர். போர் ஓய்ந்த அன்று மோன்ஸ் நகரில் இருந்தனர். இதற்கு அவர் கொடுத்த விலை, இறந்தோரும் காயமுற்றோருமாக 45,000 பேருக்கு மேல்.

அந்நாட்டாரை யாம் ஈண்டு வியப்பது அவர்தம் வீரத்திற்காக மட்டுமன்று. வீரம் எந்நாட்டார்க்கும் பொது. அவர்தம் நினைவாற்றலுக்காகவே வியக்கின்றோம். அன்று காலை பதினொரு மணிக்குப் போர் ஓய்ந்தது. அதற்கு இரண்டே நிமிடங்களுக்கு முன்னர், 10 மணி 58 நிமிடத்திற்கு, மோன்ஸ் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஜார்ஜ் பிரைஸ் என்னும் கனடிய வீரன் குண்டுபட்டு மாண்டான். அவன் சேனாதிபதி அல்லன்; சாதாரணச் சிப்பாய். எனினும் இன்று நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அவன் பெயரை அந்நாடு அறியும். அவன் மாண்ட நிமிடத்தையும் அறியும். ஒட்டாவா நகரில் பாராளுமன்றத்து வளாகத்தினுள்ளே போரில் மாண்டோர் அனைவரின் பெயரையும் எழுதிய ஏடுகள் வைக்கப்பட்டுள்ளன. முதல் மகாயுத்தத்தின் ஏட்டில் மட்டும் 66,000க்கு மேற்பட்ட பெயர்கள் உள. நாள்தோறும் காலை பதினொரு மணிக்கு ஓர் ஏட்டுப் பக்கம் புரட்டப்படும். ஆண்டிற்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு வீரனின் பெயரும் பகலொளியைக் காணவேண்டும் என்பதே அதன் கருத்து.

அந்நூறு நாட்களிலே நம் நாட்டார் யாண்டு இருந்தனர்? இதனை நம் மாணவருள் எத்துணைப் பேர் அறிவர்? 1918ஆம் ஆண்டு இளவேனிலில் ஜெர்மானியர் பிரான்சிற் கடும் தாக்குதல் நடத்தியபோது, பாலஸ்தீனத்தில் இருந்த பிரிட்டிஷ் காலாட்படையினர் பல்லாயிரவர் அங்கிருந்து பிரான்சுக்கு விரைந்து அனுப்பப்பட்டனர். அவர் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பியவர் இந்தியரே. ஆகவே, செப்டம்பர் 19ஆம் நாள் மெகித்தோப் போர் தொடங்கியபோது, ஆலன்பி தளபதியின் காலாட்களுட் பெரும்பாலோர் நம் நாட்டவர். 23ஆம் நாள் மைசூர், ஜோத்பூர் சமஸ்தானத்துக் குதிரைவீரர் ஹைஃபா துறைமுகத்தைக் கைப்பற்றினர். அக்டோபர் முதல் நாள் டமாஸ்கஸ் வீழ்ந்தது. அம்மாதம் 30ஆம் நாள் துருக்கியர் போர்நிறுத்தத்திற்கு உடன்பட்டனர். கனடியர் மேற்கே ஒரு கதவை உடைத்துக்கொண்டிருந்த அதே வாரங்களில், இந்தியர் கிழக்கே மற்றொரு கதவை உடைத்தனர். ஒரு போரின் இரண்டு கதவுகள் அவை.

நம் மாகாணத்தாரின் பங்கு இதிற் பெரும்பாலும் கருவி பிடித்த கையின் பங்காகும். மதராஸ் சாப்பர் மைனர் படை என்பது வெட்டவும் கட்டவும் தெரிந்த படை. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. அப்படை வீரரைத் ‘தம்பி’ என்று அழைப்பது இன்றளவும் இராணுவத்தார் வழக்கம். மெசபொத்தேமியாவில், 1917ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் வைகறையில், எதிர்க்கரையிலிருந்து குண்டுமாரி பொழிய, ஷும்ரான் என்னுமிடத்தில் டைகிரிஸ் ஆற்றைக் கடந்த படகுகளில் துடுப்புப் பிடித்தவருள் இத்தம்பிமாரும் இருந்தனர். அக்கடப்பு நிகழ்ந்த பதினாறாம் நாள் பாக்தாத் நகரம் வீழ்ந்தது. அப்போரில் சென்னை மாகாணத்திலிருந்து சேர்ந்தவர், ஆயுதம் ஏந்தியவரும் ஏந்தாத ஊழியருமாக, 90,000 பேருக்கு மேலாவர். அந்நாளில் விழுப்புரமும் திண்டிவனமும் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த தாலுகாக்கள். அவ்விரண்டையும் தொட்டுச் செல்லும் புகைவண்டிப் பாதையே, வானம்பார்த்த புன்செய்க் காட்டிலிருந்து இளைஞரைச் சென்னைத் துறைமுகத்திற்கும் பெங்களூர்ப் பாசறைக்கும் கொண்டு சேர்த்தது.

அவர்க்கு எழுப்பிய நினைவுச்சின்னம் எத்தகையது? 1929ஆம் ஆண்டு பஸ்ராவில் திறக்கப்பெற்ற பெருஞ்சின்னத்தில், பிரிட்டிஷ் வீரருள் கடைசிச் சிப்பாய் வரை பெயர் பொறிக்கப்பட்டது. இந்தியருள் அதிகாரப் பதவியில் இருந்தோர் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டது. ஏனைய இந்தியச் சிப்பாய்கள், இன்ன படையில் இத்துணைப் பேர் என்று தொகையாகக் குறிக்கப்பட்டனர். நம் நாட்டிலும் அப்படியே. ஊர்ச்சாவடியிலும் கடைவீதியிலும் அரசாங்கத்தார் அந்நாளில் நாட்டிய கற்பலகைகளை இன்றும் தமிழ்நாட்டில் ஆங்காங்குக் காணலாம். ‘இவ்வூரிலிருந்து மகாயுத்தத்திற்குச் சென்றவர் இத்தனை பேர், அவருள் உயிர் துறந்தவர் இத்தனை பேர்’ என்பதே அவற்றின் வாசகத்தின் சாரம். எண் உண்டு, பெயர் இல்லை.

திண்ணையிற் கேட்ட கதையை எம் உள்ளத்தில் ஒருபால் வைத்தது இதற்காகவே. கல்லில் எண் இருக்கின்றது, பெயர் இல்லை. வீட்டிலே பெயர் இருக்கின்றது, எண் இல்லை. இவ்விரண்டும் ஒன்றையொன்று தேடி நூறு ஆண்டுகளாக அலைகின்றன. இது எம் கற்பனையன்று. பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையமே 2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டு, முதற்போரில் மாண்ட ஆசிய ஆப்பிரிக்க வீரர் பலரைப் பிறரோடு சமமாக நினைவுகூரத் தாம் தவறியதாக ஒப்புக்கொண்டது. பெயரளவிலேனும் நினைவுகூரப்படாதோர் குறைந்தது 1,16,000 பேர் என்று அவ்வறிக்கை கணித்தது. பிரிட்டிஷ் அமைச்சர் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் மன்னிப்பும் வேண்டினார். மன்னிப்பு வந்துவிட்டது, பெயர்கள் இன்னும் முற்றும் வரவில்லை.

இரண்டாம் மகாயுத்தத்தின் இறுதிக் கட்டத்திற்கு வருவோம். இதில் இந்தியப் படையிற் சேர்ந்தவர் ஏறத்தாழ 25 இலட்சம். மாண்டவர் 87,000 பேருக்கு மேல். தென்னாட்டார் போர்க்குணம் உடையவர் அல்லர் என்று கூறி, மதராஸ் காலாட்படையை இரு போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஆட்சியாளர் கலைத்துவிட்டிருந்தனர். ஜப்பானியர் வாயிலை நெருங்கியபோது அதனை மீண்டும் திரட்டினர். ஆபத்து வந்தவுடன் குணமும் வந்துவிட்டது போலும்!

1944ஆம் ஆண்டு கோஹிமாவிலும் இம்பாலிலும் ஜப்பானியர் தடுக்கப்பட்ட பின்னர், பதினான்காம் சேனை பர்மாவினுள் நுழைந்தது. அச்சேனையிற் பெரும்பாலோர் இந்தியரே. அப்படையெடுப்பின் வெற்றி துப்பாக்கியினும் மிகுதியாய் வழியைப் பொறுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் கலேவா என்னுமிடத்தில் சிந்துவின் ஆற்றின் குறுக்கே 1154 அடி நீளமுள்ள மிதவைப் பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. அவ்வகைப் பாலங்களுள் அந்நாளில் உலகிலேயே நீளமானது அதுவே. பாதை போடக் கல் கிடைக்காத மண்ணில், சணற்றுணியைத் தாரில் தோய்த்து, ஓலை வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு விரித்து, நூறு மைலுக்கு மேல் வழி செய்தனர். 1945ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் ஞாவுங்கு என்னுமிடத்தில் ஐராவதி ஆறு கடக்கப்பட்டது. மார்ச்சு மாதத்தில் மெய்த்திலாவும் மண்டலையும் வீழ்ந்தன. மே மாதத் தொடக்கத்தில் இரங்கூன் மீட்கப்பட்டது. இப்படையெடுப்பிலே கனடியரும் நமக்கு அயலார் அல்லர். 435, 436 என்னும் எண்களுடைய கனடிய விமானப் பிரிவுகள் இரண்டு, இம்பால் பள்ளத்தாக்கிலிருந்து பறந்து, காட்டினுள் இருந்த நம் வீரர்க்கு உணவுப் பொருளை வானத்திலிருந்து இறக்கின. இத்தாலியிலும் 1944ஆம் ஆண்டு மே மாதத்தில், 8ஆம் இந்திய டிவிஷன் காரி ஆற்றைக் கடந்தபோது உடன் சென்றவை கனடிய டாங்கிகளே.

நம் கண்ணுக்கு மேற்கே படர்ந்த அப்போரிலே ஒரு பெயர் மட்டும் அழியாது நிற்கின்றது. காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர் படையினர். 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், இத்தாலியில் மின்யானோ என்னும் ஊரருகே கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டிருந்தார். உடன் வந்தவர் ஒருவரின் கால் பட்டு ஒரு வெடி உயிர்பெற்றது. அது வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. அந்நொடிகளில் அவர் ஓடவில்லை. வெடியின்மேல் தம் உடலைக் கவிழ்த்தார். தாம் மாண்டார், மற்றையோர் பிழைத்தனர். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்னும் உயர்ந்த விருது அளிக்கப்பெற்றது. அவ்விருதை நேரே பெற்ற இந்தியருள் முதல்வர் அவரே. திண்டிவனத்திலிருந்து சில மணி நேரத்திற் சென்று சேரத்தக்க ஊர் அது. நம்முள் எத்துணைப் பேர் அப்பெயரைக் கேட்டிருக்கின்றோம்?

இதுகாறும் கூறியவற்றைக் கேட்டு, நம் மாணவருள் சிலர் முகம் சுளிக்கக்கூடும் என்பதனை அறிவோம். “அன்னிய ஆட்சிக்காகக் கூலிக்குப் போரிட்டவரை நாம் ஏன் போற்றுதல் வேண்டும்? அவர் வென்று கொடுத்த ஆட்சிதானே 1919ஆம் ஆண்டு ரௌலட் சட்டத்தையும் ஜாலியன்வாலாபாக் படுகொலையையும் நமக்குப் பரிசாகத் தந்தது?” என்று அவர் வினவுவர். நேர்மையான வினா. கனடாவுக்குப் போர் தன்னாட்சிக்கு வழி திறந்தது. நமக்கோ புதிய விலங்கைப் பூட்டிற்று. இவ்வேறுபாட்டை மறைத்துப் பேசுவோமாயின் யாம் உண்மைக்குத் துரோகம் செய்தவராவோம்.

ஆயினும், நினைத்தல் வேறு, போற்றுதல் வேறு. ஓர் ஆட்சியின் குற்றத்தை அதன் கீழ் வாழ்ந்த ஏழையின் தலையில் ஏற்றுதல் நீதியன்று. சாப்பர் படையிலும் பயோனியர் படையிலும் சேர்ந்த தமிழருட் பலர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். எந்த ஊர்ச்சாவடியில் அவர் தொகையைக் கூறும் கல் நாட்டப்பட்டதோ, அச்சாவடியிற் சரிசமமாக உட்கார இயலாதவர் பலர் அவருள் இருந்திருப்பர். அவர்க்குப் பட்டாளம் என்பது பேரரசின் பெருமையன்று. மூன்று வேளைச் சோறு, காலுக்குச் செருப்பு, பெயர் சொல்லி அழைக்கும் ஓரிடம். அப்பெயரைத்தான் பேரரசு கல்லில் எழுதாது விட்டது. நாமும் எழுதாது விடுவோமாயின், அப்பேரரசின் கணக்கை நாம் ஏற்றுக்கொண்டோம் என்பதே பொருள். அவரை மறப்பது அன்னிய ஆட்சியை எதிர்ப்பதாகாது. அதன் அலட்சியத்தைத் தொடர்வதே ஆகும்.

இன்னும் ஒன்று. பர்மாவில் நம்மவர் ஒரு பக்கத்தில் மட்டும் நின்றாரல்லர். தென்னார்க்காட்டிலிருந்து மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர் பலர். அத்தோட்டத் தமிழருட் பல்லாயிரவர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். ஐராவதிக் கரையில் இந்தியப் படையை எதிர்த்து நின்றவருள் அவ்விராணுவத்தினரும் இருந்தனர். வேறு பல்லாயிரம் தமிழ்க் கூலியாட்கள், ஜப்பானியர் அமைத்த சயாம் மரண இரயில் பாதையிற் காய்ச்சலாலும் பட்டினியாலும் மடிந்தனர். ஒரே ஊரில் அண்ணன் ஒரு படையிலும் தம்பி மறு படையிலும் மைத்துனன் இரயில் பாதையிலும் இருந்திருக்கக் கூடிய காலம் அது. ஆதலின் எம் ஏடு ஒரு பக்கத்தாரின் ஏடாக இருத்தலாகாது. கனடாவிலும் கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்துக் கியூபெக் மாகாணம் கொதித்தெழுந்தது. அச்சண்டை அந்நாட்டு அரசியலில் நெடுநாள் புகைந்தது. ஆயினும் மாண்டோர் பெயரை எழுதும்போது அவர் ஒரே ஏட்டில் எழுதினர். போரைப்பற்றி உடன்பட்ட பின்னரே மாண்டோரை நினைப்போம் எனின், ஒருவரையும் நினைக்க மாட்டோம்.

நினைவுச்சின்னம் எழுப்புதல் போர்வெறியை வளர்க்கும் என்பாரும் உளர். எண் மட்டும் உள்ள கல்லைக் குறித்து அஃது உண்மையாகலாம். எண் பெருகப் பெருகப் பெருமை தோன்றும். பெயரோ அவ்வாறன்று. ஒரு பெயரைப் படிப்பவன், அப்பெயரிட்ட தாயை நினைப்பான். ஆயிரம் பெயரைப் படித்தவன் போரை விரும்பான் என்பது எம் துணிபு.

பெயர் எழுதுதல் தமிழர்க்குப் புதிதோ எனின், அன்று. நம் வட்டாரத்தை அடுத்த செங்கம் பகுதியிற் பல்லவர் காலத்து நடுகற்கள் பல உள. ஆநிரை மீட்டு மாண்டவன் பெயர், அவன் ஊர், அரசனின் ஆட்சி ஆண்டு, அவன் மாண்ட வகை ஆகியவற்றை அக்கற்கள் கூறும். எடுத்தனூர் என்னும் ஊரில், மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று, கருந்தேவக்கத்தி என்னும் வீரனை மட்டும் கூறி அமையவில்லை. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் இருந்த அவனுடைய நாயின் பெயர் கோவிவன் என்பதனையும் கூறுகின்றது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், எழுதப் படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலராய் இருந்த காலத்தில், ஒரு நாயின் பெயரும் கல்லில் ஏறிற்று. அச்சு இயந்திரமும் தந்திக் கம்பியும் இருந்த இருபதாம் நூற்றாண்டில், ஒரு மனிதனின் பெயர் கல்லில் ஏறவில்லை. இதனை நினைக்கும்தோறும் எமக்கு நாணம் உண்டாகின்றது.

நாணுதலோடு நில்லாது செய்யத்தக்கது யாது? எம் கருத்தைச் சுருங்கக் கூறுவோம்.

இரண்டாம் போரில் மாண்டோர் பெயர்கள் அழியவில்லை. இரங்கூனை அடுத்த தவுக்கியான் கல்லறையில், உடல் கிடைக்காது போனவர் ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் தூண்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லறை ஆணையத்தின் பதிவேடுகளை இன்று இணையத்தில் யாவரும் காணலாம். இந்திய வீரர் பலரின் குறிப்பில் தந்தையின் பெயரோ மனைவியின் பெயரோ, ஊரும் ஜில்லாவும் காணப்படும். தென்னார்க்காடு என்னும் சொல்லை வைத்துக்கொண்டு தேடின், அவருள் எவரெவர் நம் அண்டையூரினர் என்பது விளங்கும். ஆனால் ஆங்கில எழுத்தில் உருமாறிக் கிடக்கும் அவ்வூர்ப் பெயரை இன்ன ஊர் என்று அறிய, அவ்வூரைக் காலால் மிதித்தவனே வேண்டும். அறிஞர் ஒருவர் இலண்டனில் இருந்துகொண்டு இதனைச் செய்ய இயலாது. நம் விடுதி மாணவன் ஒருவன் ஒரே மாலையிற் செய்வான்.

ஆகவே, விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் மூன்று காரியங்களைச் செய்யுமாறு வேண்டுகின்றோம். சாவடியிலோ பள்ளியிலோ கோயிற்புறத்திலோ போர்க்கல் உளதா என்று பார்த்து, உளதாயின் அதன் வாசகத்தைப் படியெடுத்தல் ஒன்று. பட்டாளத்து வீடு, மிலிட்டரிக்காரர் வீடு என்று வழங்கும் வீடுகளுக்குச் சென்று, பெட்டியின் அடியிற் கிடக்கும் பதக்கத்தின் விளிம்பையும், ஓய்வூதியத் தாளையும், மங்கிய படத்தின் பின்புறத்தையும் நோக்குதல் இரண்டு. அவ்வீட்டு முதியோர் கூறுவதனை, அவர் சொல்லாலேயே, திருத்தாது எழுதிக்கொள்ளுதல் மூன்று. சிப்பாய், சமையற்காரர், கோவேறு கழுதை ஓட்டியவர், மலேயாவில் நேதாஜி படையிற் சேர்ந்தவர், இரயில் பாதையில் மாண்டவர் என்னும் வேறுபாடு கருதாது அனைவரையும் எழுதுக. இவ்வாறு வருவனவற்றைச் சரித்திர ஆசிரியர்கள் ஒப்பிட்டுப் பார்த்து, ஐயமற்றவற்றை மட்டும் ஓர் ஏட்டில் ஏற்றுக. அவ்வேடு நம் நூல்நிலையத்தில் யாவரும் காணத் திறந்தே இருக்கட்டும். வாரந்தோறும் ஒரு பக்கம் புரட்டப்படட்டும்.

பழைய மாணவர்க்கும் ஒரு சொல். புதுச்சேரிக் கடற்கரையில், பிரெஞ்சிந்தியாவிலிருந்து முதற்போருக்குச் சென்று மாண்டோர்க்கு எழுப்பி 1938ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற நினைவுச்சின்னத்தின் முன், ஆண்டுதோறும் ஜூலை 14ஆம் நாள் மலர்வளையம் வைக்கப்படுகின்றது. விழுப்புரத்திலிருந்து ஒரு மணிப் பயணத்தில் இக்காட்சியை நீவிர் காணலாம். அந்நாளில் எல்லைக்கோட்டுக்கு அப்பால் இருந்தவனுக்கு மலர் கிடைத்தது. இப்பால் இருந்த அவன் அண்டை வீட்டானுக்குக் கிடைக்கவில்லை. உளுந்தூர்ப்பேட்டை வெளியில் இரண்டாம் போர்க்காலத்து விமான ஓடுபாதையைக் கண்டவர் உங்களுட் பலர் இருப்பீர். சிமெண்டுத் தரை எண்பது ஆண்டு நிற்கின்றது. அக்காலத்தை நினைவில் வைத்திருக்கும் மனிதரோ நாளுக்கு நாள் குறைகின்றனர். உங்கள் ஊரின் முதியோரிடம் இவ்வாண்டே பேசுங்கள். அடுத்த ஆண்டு என்பது அவர்க்கு உறுதியில்லாத சொல்.

அம்முதியவரிடம் மீண்டும் சென்றோம். பாட்டனாரின் பெயரையும், ஊரையும், பாட்டியின் பெயரையும் எழுதிக்கொண்டோம். “இதை எழுதி என்னங்க ஆகப்போவுது?” என்று வினவினார். யாம் விடை கூற நாணி நின்றோம். சிறிது நேரம் கழித்து அவரே, “சரி, எழுதுங்க, ஆயா இருந்தா சந்தோஷப்பட்டிருக்கும்” என்றார். நம் ஏட்டின் முதற் பெயரை எழுத அவர் இசைந்துள்ளார். அப்பெயருக்கு உரிய எண்ணைத் தேடத் தொடங்கியுள்ளோம். இரண்டாவது பெயரை நம் மாணவருள் யார் கொணர்வர்?